பழைய கச்சேரிகளைத் தேடுகிறவர்களுக்கு: கர்நாடக இசைப் பதிவுகள் சேர்க்க ஒரு வழிகாட்டி

கர்நாடக இசையைக் கேட்கத் தொடங்கி, இரண்டொரு பாடகர்கள் மனசுக்குப் பிடித்துப்போய், "இவர்களுக்கு முந்தினவர்கள் எப்படிப் பாடினார்கள், அதையெல்லாம் எங்கே கேட்பது?" என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சங்கீதம் முறையாகக் கற்றிருக்க வேண்டியதில்லை. ராகம் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கக் கேட்க அது வந்துவிடும். கொஞ்சம் பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்ததையெல்லாம் இறக்கி ஹார்டு டிஸ்க்கை நிரப்புவது சேகரிப்பு ஆகாது. ஆயிரம் மணி நேரத்துக்குப் பதிவு வைத்திருப்பார்கள். பிடில் யார், எந்த ஊர்க் கச்சேரி என்று கேட்டால் தெரியாது. பாடியது யார், பக்கவாத்தியம் யார், எந்த வருஷம், எந்த இடம் என்ற நான்கும் தெரிந்த பத்துக் கச்சேரிகள் அந்த ஆயிரம் மணி நேரத்தைவிடப் பெரிய சொத்து. கீழே சொல்வதெல்லாம் இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான்.

பதிவுகள் எத்தனை வகை

இந்தியாவில் வணிக நோக்கத்தில் இசைத்தட்டுப் பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அப்போது பாடிய பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வரும். அங்கே இருந்தவர்களுக்கு யார் பாட்டு எது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. பாடியவர் யார் என்ற கேள்வி முதல் தட்டிலிருந்தே இருக்கிறது.

அன்று தொடங்கி 1960-கள் வரை ஓடியது நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் '78 சுழற்சித் தட்டு'. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான் இடம். அதற்குள் கொஞ்சம் ராகம், பல்லவி, அனுபல்லவி, சரணம், ஒரு கைப்பிடி ஸ்வரம் எல்லாம் அடக்கிவிடுவார்கள். ஒரு சங்கதிகூட (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) வீணாகப் போகாது. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம். மூன்று மணி நேரக் கச்சேரியைக் கண்டு மலைக்கிறவர்கள்கூட மூன்று நிமிஷத்தை நாலு தடவை கேட்டுவிடலாம்.

அடுத்து எல்.பி. என்ற நீள இசைத்தட்டு வந்தது; ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் போல. 1963-ல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இந்த வகை. பிறகு கேசட், அதன்பின் சி.டி. இவையெல்லாம் கடைக்கு வந்த பதிவுகள்.

வானொலிப் பதிவுகள் தனி வகை. ஆகாசவாணியின் சென்னை நிலையம் 1938-ல் தொடங்கியது. ஆகாசவாணி நடத்தும் கச்சேரி விழாவான சங்கீத சம்மேளனம் 1954 முதல் நடக்கிறது. தரம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், அறிவிப்பாளரே எல்லா விவரத்தையும் சொல்லிவிடுவார்.

கடைசி வகைதான் கடல். ரசிகர்கள் சபாவிலும் கல்யாண வீட்டிலும் ஸ்பூல் டேப்பில் (சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடா) பிடித்துவைத்த நேரடிக் கச்சேரிகள். நடுவே இருமல் கேட்கும், டேப் தீர்ந்துபோய்ப் பல்லவி பாதியில் நிற்கும். ஆனால் ஒரு வித்வான் நேரக் கட்டுப்பாடு இல்லாமல், எதிரே ரசிகர்கள் தலையாட்ட, மனம்போல் பாடியது இங்கேதான் கிடைக்கும்.

முதல் மாதம்: ஒரே பாட்டு, பல குரல்

பாடகர் பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜரின் 'நிதி சால சுகமா' நல்ல தேர்வு: கல்யாணி ராகம், மிஸ்ர சாபு தாளம், பதிவுகள் ஏராளம். ஐந்தாறு பேர் பாடியதை வரிசையாகக் கேளுங்கள். முதல் சுற்றில் வேகத்தை மட்டும் கவனியுங்கள். யார் நிதானமாக எடுக்கிறார், யார் விறுவிறுப்பாகப் போகிறார்? இரண்டாவது சுற்றில், சரணத்தில் 'மமதா பந்தன' என்ற இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நிரவல், அதாவது ஒரே வரியை எடுத்துக்கொண்டு பலவிதமாக விரித்துப் பாடுவது, செய்கிறவர்கள் வழக்கமாக அங்கேதான் நிற்பார்கள். அதே சொற்களை ஒருவர் கீழ் ஸ்தாயியில் வைத்து மெல்ல விரிப்பார். இன்னொருவர் நேரே மேலே ஏறிவிடுவார். பிடில்காரர் அதற்கு என்ன பதில் தருகிறார் என்பது மூன்றாவது சுற்றுக்கு.

இப்படி ஒரு பாட்டு முடிவதற்குள் உங்களுக்கு யாரைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த 'ஏன்' தெரிந்த பிறகுதான் தேடல் தொடங்க வேண்டும். பிருகாக்கள் (அதிவேக ஸ்வரக் கோவைகள்) மின்னலாய் விழுவது பிடித்தால் ஜி.என். பாலசுப்ரமணியத்திடம் போங்கள். ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நிதானித்துப் போவது பிடித்தால் எம்.டி. ராமநாதன். ஸ்வரம் துள்ளித் துள்ளி வருவது பிடித்தால் மதுரை மணி ஐயர். கச்சேரி என்பது இன்றைக்கு எந்த ஒழுங்கில் நடக்கிறதோ அதற்கு உருக்கொடுத்தவரைக் கேட்க வேண்டுமென்றால் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

பரம்பரையைப் பிடித்துக்கொண்டு போவது

பிடித்த ஒருவரிடமிருந்து அடுத்தவரைக் கண்டுபிடிக்க நம் சங்கீதத்தில் குரு–சிஷ்ய பரம்பரையைவிட நல்ல வழி கிடையாது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். பெரிய வித்வான்கள் அங்கே போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் வாசிப்பு சில 78 தட்டுகளில் இருக்கிறது. இரைச்சல் அதிகம், வாசிப்போ மிக மெல்லியது. முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. அதை அப்படியே வைத்துவிட்டு அவருடைய பேத்தி டி. பிருந்தாவை (1912–1996) கேளுங்கள். பதங்கள் (நிதானமான காலத்தில் பாடும் காதல் பாடல்கள்), முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் என்று நிறையக் கேளுங்கள். கமகங்கள் (ஸ்வரங்களின் அசைவுகள்) இழைந்து இழைந்து வரும் அந்தப் பாணி காதில் ஏறிய பிறகு தனம்மாளிடம் திரும்புங்கள். இரைச்சலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கேட்கும்.

பிருந்தாவிடமிருந்து ராம்நாட் கிருஷ்ணனுக்குப் போகலாம். அவர் பிருந்தாவிடம் பதங்கள் பாடம் செய்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் அவர் பாடி, 1968-ல் நான்சச் நிறுவனம் 'வித்வான்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டது. பிடில் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். இந்த ரங்கநாதனும் தனம்மாள் பேரன்தான். நாட்டியமேதை பாலசரஸ்வதியின் தம்பி. ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனாலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

நாகஸ்வரத்தை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான புதுச் சேகரிப்புகளில் வாய்ப்பாட்டு குவிந்திருக்கும், நாகஸ்வரம் இரண்டு கோப்பு இருக்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டுவிட்டு, அவர் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலத்துக்கு வாருங்கள். காருகுறிச்சி 1964-ல், நாற்பத்திச் சொச்சம் வயதிலேயே மறைந்துவிட்டார். 'கொஞ்சும் சலங்கை' படத்தின் ஆபேரிப் பாட்டோடு அவரை நிறுத்திவிடக் கூடாது. தவிலுக்கு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. ராத்திரி முழுக்கக் கோயில் வீதியில் நடந்த வாசிப்புகளில் மிகச் சொற்பமே பதிவாகியிருக்கிறது. அதனால் உங்கள் கையில் நாகஸ்வரப் பதிவு எது வந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே தேடுவது

பழைய ஹெச்.எம்.வி. வெளியீடுகள் பெரும்பாலும் இன்றைய சரிகம நிறுவனத்திடம் இருக்கின்றன. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் எதிலும் கேட்கலாம். ஆனால் ராகம், பக்கவாத்தியம், வருஷம் ஒன்றும் ஒழுங்காக இருக்காது, பழைய எல்.பி. அட்டையின் பின்பக்கப் படம் கிடைத்தால் அதிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிரசார் பாரதி தன் சேமிப்பிலிருந்து பல கச்சேரிகளை சி.டி.யாகவும் இணையத்திலும் வெளியிட்டிருக்கிறது.

ரசிகர்களின் நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்கு சங்கீதப்ரியா இணையதளம். தன்னார்வலர்கள் இலவசமாக நடத்துவது; விற்பனையில் இருக்கும் பதிவுகளை அங்கே ஏற்றமாட்டார்கள்.

சென்னையில் இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். மியூசிக் அகாடமியில் 'டாக்' டிஜிட்டல் ஒலிக் காப்பகம் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம், பிரதி எடுத்துப்போக முடியாது. அது ஒரு விதத்தில் நல்லது. வேறு வேலை இல்லாமல் கேட்பதால் நன்றாக மனசில் நிற்கும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிராமபோன் தட்டுகளும் பழைய பாட்டுப் புத்தகங்களும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இணையத்தில் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் பெரிய தொல்லை. தோடிக்கு 'எச்' போட்டும் தேட வேண்டும், போடாமலும் தேட வேண்டும். செம்மங்குடிக்கு ஒரு 'எம்' போடுகிறவர்களும் உண்டு, இரண்டு போடுகிறவர்களும் உண்டு. ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்), எம்.எல்.வி. (எம்.எல். வசந்தகுமாரி), டி.கே.பி. (டி.கே. பட்டம்மாள்), கே.வி.என். (கே.வி. நாராயணசுவாமி), டி.என்.ஆர். (டி.என். ராஜரத்தினம்) என்று முதலெழுத்தை மட்டும் போட்டுத் தேடினால் முழுப் பெயரில் வராததெல்லாம் வரும். பக்கவாத்தியக்காரர் பெயரைப் போட்டுத் தேடுவது எல்லாவற்றையும்விடப் பலன் தரும். லால்குடி ஜெயராமன் பெயரைப் போட்டால் அவர் வாசித்த பெரியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

கிடைத்ததைச் சரிபார்ப்பது

யாரோ சீட்டில் எழுதிவைத்ததை இன்னொருவர் பார்த்து எழுதி, அதை மூன்றாமவர் இணையத்தில் ஏற்றியிருப்பார். தப்பு நுழைய ஆயிரம் வழி. அதைக் கண்டுபிடிப்பது சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்த வேலை.

'மதுரை மணி ஐயர், 1970' என்று ஒரு கோப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1968-ல் மறைந்தார். ஆகவே வருஷம் தப்பு, அல்லது ஆள் தப்பு. குரலைக் கேளுங்கள். அவர் மருமான், சிஷ்யர் டி.வி. சங்கரநாராயணன் அதே பாணியில் பாடியவர்; அவருடையதாக இருக்கலாம். குரல் மணி ஐயருடையதுதான் என்றால், மிருதங்கம் யார் என்று பாருங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையாக இருந்தால் 1962-க்கு முந்தியது. அந்த வருஷம் அவர் காலமானார். கூடவே ஓர் இளங்குரல் பாடுகிறதா? அது சங்கரநாராயணன் என்று உறுதியானால், அவர் பிறந்தது 1945 என்பதால் 1950-களின் தொடக்கத்துக்குப் போக முடியாது. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டே வந்தால், தேதி இல்லாத பதிவுக்கும் ஐந்தாறு வருஷ இடைவெளிக்குள் ஒரு காலம் கிடைத்துவிடும். 1960 என்று சொல்லப்பட்ட கச்சேரியில் மின்னணு சுருதிப் பெட்டி ரீங்கரித்தால் உடனே சந்தேகப்படுங்கள். அது மேடைக்கு வந்து பரவியது அதற்கு வெகு காலம் பின்னால்.

அடுத்தது சுருதி. டேப்பும் தட்டும் சரியான வேகத்தில் ஓடாமல் பிரதி எடுக்கப்பட்டிருந்தால் குரலே மாறிவிடும். வேகம் சுமார் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). மூன்று நிமிஷப் பாட்டு பத்து விநாடி முன்னால் முடிந்துவிடும். செல்போனில் ஒரு தம்பூரா செயலியைப் போட்டு ஸட்ஜத்தை ('ஸ' என்ற ஆதார ஸ்வரத்தை) ஒத்துப் பாருங்கள். ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக் கட்டைக்குள், பெண் குரல்கள் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருக்கும். ஒரே பாடகரின் நாலைந்து நம்பகமான பதிவுகளில் இருக்கும் சுருதியைக் குறித்துவைத்துக்கொண்டு, சந்தேகமானதை அதோடு ஒப்பிடுங்கள். ஆனால் எல்லோரையும் இந்த அளவுகோலில் நிறுத்திவிடாதீர்கள். எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடைக்காரர், ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர். உச்ச சுருதிதான் அவருக்கு இயல்பு. எம்.டி. ராமநாதன் அதற்கு நேர் எதிர். அவர் சுருதி அடி ஆழத்தில் இருக்கும். தெரியாதவர்கள் அவர் பதிவின் வேகத்தைக் கூட்டிச் 'சரி' செய்துவிட்டால் வேறு யாரோ பாடுவதுபோல் ஆகிவிடும்.

தட்டும் டேப்பும் கையில் வந்தால்

பழைய தட்டுகள் விற்றுவந்த சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. இன்று பழைய சாமான் கடைகளிலும், வீடு காலி செய்கிறவர்களிடமும்தான் பார்க்க முடியும். வாங்குமுன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரிசல் ஓரத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தால் வாங்க வேண்டாம். தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் நிறுவனச் சீட்டில் இருக்கும் எண்ணோடு, சீட்டுக்குச் சற்று வெளியே தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டு கிழிந்துபோனாலும் அந்த எண்ணை வைத்து அடையாளம் காணலாம்.

78 தட்டு அரக்கில் செய்தது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும்; நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும், சீட்டில் ஈரம் படக் கூடாது. எல்.பி. ஊசியால் 78-ஐ ஓட்டாதீர்கள். அதற்குத் தனியாக அகலமான ஊசி உண்டு. அபூர்வமான தட்டைப் பழைய கிராமபோன் பெட்டியில் போட்டு ஓட்டவே வேண்டாம், இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தின்னும். எல்லாத் தட்டையும் நிறுத்திவைக்க வேண்டும், அடுக்கிவைக்கக் கூடாது. நம் வெயிலில் காரில் விட்டுவிட்டுப் போனால் எல்.பி. அப்பளமாக வளைந்துவிடும்.

ஸ்பூல் டேப்பில் வினிகர் வாசனை அடித்தால் நீங்கள் ஓட்டிப் பார்க்காதீர்கள். டேப்பின் அடிப்பொருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற டேப்புகளிலிருந்து பிரித்துவைத்துவிட்டு, பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம் சீக்கிரம் கொடுங்கள். கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலும் அப்படியே.

பிரதி, பெயர், பாதுகாப்பு

கணினிக்கு மாற்றும்போது ஒலித் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வடிவில் வையுங்கள். எம்.பி.3 கேட்க மட்டும். சி.டி. தரத்தில் மூன்று மணி நேரக் கச்சேரி வேவ் கோப்பாக ஏறத்தாழ 1.9 ஜிபி வரும், ஃபிளாக்கில் அதில் பாதி போல. இரைச்சலை நீக்குகிற மென்பொருளை முதல் பிரதியில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இரைச்சலோடு தம்பூராவும் பிடிலின் மெல்லிய ஓசையும் போய்விடும், திரும்ப வராது. நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் இன்னொரு பிரதியில் செய்யுங்கள்.

கோப்பின் பெயரில் முதலில் வருஷம்–மாதம்–தேதி, பிறகு பாடகர், இடம். பக்கவாத்தியமும் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் பட்டியலும் கூடவே ஒரு எழுத்துக் கோப்பில் இருக்கட்டும். நிச்சயமில்லாத எதற்கும் கேள்விக்குறி போடுங்கள். இந்தக் கேள்விக்குறி மிக முக்கியம். நீங்கள் ஊகித்தது அடுத்தவர் கையில் உண்மையாகிவிடக் கூடாது. மொத்தத்துக்கும் மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு வீட்டில்.

உரிமை பற்றி: இந்தியச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. பழைய 78 தட்டுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. இன்றைய கலைஞர்களின் பதிவுகளைக் காசு கொடுத்து வாங்குங்கள். சபாவில் அனுமதி கேட்காமல் செல்போனில் பதிவு செய்யாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

இதை ஒத்திப்போடாதீர்கள். உங்கள் தாத்தா, பெரியப்பா, பக்கத்து வீட்டு மாமி யாராவது ஒரு பரண் பெட்டியில் டேப்புகள் வைத்திருக்கலாம். "பழைய டேப் இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் வீணாப் போச்சு" என்றுதான் பதில் வரும். "நீங்க யார் கச்சேரியெல்லாம் போய்க் கேட்டீங்க?" என்று தொடங்குங்கள். பேச்சு வளர்ந்தபின் பெட்டி தானாகக் கீழே இறங்கும். டேப்பை வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் அவர்கள் எழுதியிருப்பதைப் படம் எடுங்கள். எந்த சபா, யார் கல்யாணம், ரிக்கார்டு செய்தது யார் என்று அவர்கள் சொல்லச் சொல்லச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரதி எடுத்து முடித்ததும் டேப்பைத் திருப்பிக் கொடுங்கள்; கூடவே ஒரு பென் டிரைவில் போட்டு, அவர்கள் வீட்டு டி.வி.யிலோ ஸ்பீக்கரிலோ ஓடுகிறதா என்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.